கார்டு டப்பாவைப் பார்த்தாலே எழுந்து ஓடுகிறாள் – 26 மாதக் குழந்தையின் பேச்சு

ஓசூர்அப்பா:
வணக்கம். மகளுக்கு 26 மாதம். மொத்தம் ஒரு முப்பது வார்த்தை சொல்வாள், எல்லாம் தனித்தனியாக. "அப்பா வா" மாதிரி இரண்டைச் சேர்த்து இதுவரை சொன்னதில்லை. ஆனால் நாம் சொல்வது நன்றாகப் புரிகிறது, செருப்பை எடுத்து வா என்றால் யார் செருப்பு என்று பார்த்துச் சரியாக எடுத்து வருவாள். வீட்டில் நானும் மனைவியும் தமிழ், பகல் முழுக்க அவளைப் பார்த்துக்கொள்ளும் என் அம்மா தெலுங்கு, கீழ் வீட்டில் கன்னடம், இப்போது ப்ளே ஸ்கூலில் ஆங்கிலம். எங்கள் ஊரே அப்படித்தான். மிஸ், "இத்தனை மொழி இருந்தால் குழந்தை குழம்பும், வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள்" என்கிறார்.

பேச்சு வரட்டும் என்று படக் கார்டு வாங்கி, ஒரு வார்த்தை சொன்னால் ஒரு ஜெம்ஸ் என்று ஆரம்பித்தோம். முதலில் பிரமாதமாகப் போனது. இப்போது டப்பாவைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறாள், உட்காரவைத்தால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டுகிறாள். போனில் ரைம்ஸ் போட்டால் மட்டும் அசையாமல் பார்க்கிறாள். டாக்டரிடம் போக வேண்டுமா? ஒரே மொழிக்கு மாற வேண்டுமா? ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

திண்ணைப்பேச்சு:
தம்பி, பயப்படாதீர்கள். என் பையன் மூன்று வயது வரை ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தான், அப்புறம் பேச ஆரம்பித்தவன் இன்று வரை நிறுத்தவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவுங்கள், எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான்.

ஸ்பீச்தெரபி_மதுரை:
வசம்பு வேண்டாம் ஐயா, பேச்சு நாக்கில் ஆரம்பிப்பதில்லை, காதில் ஆரம்பிக்கிறது. தாமதமாகப் பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் தானாகவே எட்டிப் பிடிக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் யார் பிடிப்பார்கள், யார் பிடிக்க மாட்டார்கள் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் "காத்திருங்கள்" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

ஓசூர்அப்பா, இரண்டு வயதில் சுமார் 50 வார்த்தையும், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதும் வந்திருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அதைப் பார்த்தால் உங்கள் மகள் கொஞ்சம் பின்னால் இருக்கிறாள். சொல்வது புரிகிறது என்பது நல்ல அறிகுறி. ஆனால் முதலில் காதைப் பாருங்கள். பிறந்தபோது எடுத்த சோதனை சரியாக இருந்திருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும், ஏனென்றால் அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, சத்தம் பஞ்சு வைத்தது போல மங்கலாக விழும், பெற்றோருக்குத் தெரியவே தெரியாது. சத்தம் கேட்கும்போது காது நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்க்கும் 'பெரா' சோதனை என்றால் தூங்கவைத்து எடுப்பார்கள், வலி ஒன்றும் இல்லை. தனியாரில்தான் போக வேண்டும் என்றில்லை, 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கவனிக்க டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட மையங்கள் இருக்கின்றன, உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனாலோ, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

மொழி விஷயம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. வார்த்தை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள், பாட்டியிடம் "நீள்ளு", உங்களிடம் "தண்ணி" என்றால் அது இரண்டு. வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று மாறினால் என்ன ஆகும்? நாள் முழுக்கக் கூட இருக்கும் பாட்டி வாயடைத்துப்போவார். குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சிலேயே செழிப்பானது பாட்டியின் பேச்சுதான்.

சும்மாபடிப்பவன்:
ஜெம்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு நர்சரியில் செய்த சோதனை பிரபலம். ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசைப்படும் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்திடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள், இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், மூன்றாவதுக்கு ஒன்றுமே இல்லை. கொஞ்ச நாள் கழித்து வகுப்பில் பேனாவைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தால், பரிசு சொல்லி வரையவைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதி நேரம்தான் அதைத் தொட்டார்கள். அது வரைவதைப் பற்றியது, பேச்சைப் பற்றியது இல்லை, அப்படியே ஒட்டவைக்கக் கூடாது, சரி. ஆனாலும் உங்கள் மகள் கையை மட்டும் நீட்டுகிறாள் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மிட்டாய்க்காகப் பேசு என்றோம், அவள் பேச்சை விட்டுவிட்டு மிட்டாயைக் கேட்கிறாள், கெட்டிக்காரி!

ரைம்ஸுக்கும் ஒன்று. 2003-இல் பட்ரீசியா கூல் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்து 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஒரு ஆள் விளையாடிக்கொண்டே பேசியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் என்றபோது பலனே இல்லை. அசையாமல் பார்க்கிறாள் என்பதால் கற்றுக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரெட்டைவால்அம்மா:
மேலே இருவரும் சொன்னதை விட்டுவிடுகிறேன், வீட்டில் செய்வதைச் சொல்கிறேன் அண்ணா. "இது என்ன, சொல்லு சொல்லு" என்பதை முதலில் நிறுத்துங்கள். பெரியவர்கள் நம்மிடமே யாராவது நாள் முழுக்கத் தெரிந்த பதிலைக் கேள்வியாகக் கேட்டால் எரிச்சல்தானே வரும். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள், காக்கா என்றாளா, "ஆமாம், காக்கா பறக்குது, சோறு தின்ன வந்துச்சு" என்று ஒரு படி நீட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள்.

அப்புறம், அவள் பேச வேண்டிய தேவை வருகிற மாதிரி செய்யுங்கள். ஊஞ்சலில் வைத்து "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லி நிறுத்தி, பிடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தபடி இருங்கள். என் இரண்டாவது பையன் முதலில் காலைத்தான் உதைத்தான், பிறகு "ஊ" என்றான், அந்த "ஊ"வுக்கே ஊஞ்சலைத் தள்ளிவிட்டேன். பிஸ்கட் டப்பாவை மூடி இறுக்கிக் கொடுங்கள், திறக்கச் சொல்லி உங்களிடம் வரட்டும். ரொம்ப நேரம் தவிக்கவிடாதீர்கள், அழுகை வந்தால் ஆட்டம் கெட்டுப்போகும். எனக்கு இதில் கஷ்டமாக இருந்தது சும்மா இருப்பதுதான், கேட்டுவிட்டு ஒரு பத்து வினாடி வாயை மூடிக்கொண்டு இருக்க நம்மால் முடிவதில்லை.

ஓசூர்அப்பா:
எல்லோருக்கும் நன்றி. காது சோதனைக்குத் தேதி வாங்கிவிட்டேன், மிஸ்ஸிடமும் மொழி பற்றிப் பேசுகிறேன். கார்டு டப்பா பரணில் ஏறிவிட்டது. இன்னொன்று, ரயிலை "லயில்" என்கிறாள், என் அம்மா ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்துகிறார். திருத்தலாமா?

ஸ்பீச்தெரபி_மதுரை:
ர தாமதமாக வருவது சகஜம், ழ இன்னும் தாமதம், பெரியவர்களிலேயே நிறையப் பேருக்கு அது வரவில்லை. "லயில்" என்றால் "ஆமாம், ரயில் போகுது" என்று சரியாகச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவள் ரயிலைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள், பாட்டி ரயிலைப் பார்க்கட்டும்.