புதுப்பிப்பு: திருத்த முடியாத பிடிஎஃப்-களுக்குச் சொந்தக் குறிப்பு

புதுச்சேரியில் நாங்கள் எல்லோருக்கும் பொதுவில் வைத்திருக்கும் ஓலைச்சுவடிப் பிடிஎஃப்-கள் படிக்க மட்டுமே; என் குறிப்புகளை எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். ஜோட்டெரோ (Zotero) என்ற நூற்குறிப்பு மேலாண்மை மென்பொருளில் விடை கிடைத்துவிட்டது.

2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அதிலேயே பிடிஎஃப் வாசிப்பான் இருக்கிறது. நாம் போடும் குறிப்பு மூலக்கோப்பில் ஏறாது, ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில் தங்கும். கோப்பை நகலெடுக்காமல் இணைப்பாகச் சேர்த்தாலே போதும். வேறொருவர் அதே கோப்பைத் திறந்தால் சுத்தமாகத்தான் தெரியும்.

ஸ்கேன் பக்கம் வெறும் படம் என்பதால் வரியை மஞ்சளாக்க முடியாது. அப்புறம் என்ன, ஏட்டின் அந்த மூலையைக் கட்டம் கட்டிப் பக்கத்தில் பாடபேதத்தை (சுவடிக்குச் சுவடி மாறும் சொல்லை) எழுதுகிறேன். குறிப்பிலிருந்து சொடுக்கினால் நேராக அதே பக்கம் திறக்கிறது, அது பெரிய நிம்மதி!

அந்தத் தரவுத்தளமான ஜோட்டெரோ.எஸ்கியூலைட் (zotero.sqlite) கோப்பைத் தவறாமல் காப்புநகல் எடுங்கள். உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.