கண்காட்சி அச்சுப் பொருள்களில் ஒரே பழுப்பு மூன்று விதமாக வருகிறது

ஓர் எழுத்தாளரைப் பற்றிய கண்காட்சிக்காக நான் வடிவமைத்த அடையாளம், அவருடைய கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்த ஒரே ஒரு வரியையும், பழைய மையை நினைவூட்டும் அடர்பழுப்பு நிறத்தையும் நம்பியே நிற்கிறது. அந்தப் பழுப்பு, மேட் பூச்சுத் தாளில் ஆஃப்செட்டில் அச்சான கையேட்டின் அட்டையில் சரியாக வருகிறது. பூச்சில்லாத தாளில் அச்சான அழைப்பிதழில் மங்கிச் சாம்பல் படிந்தும், சுவர்ப் பலகைகளுக்கான வினைலில் செங்கல் நிறமாகவும் தெரிகிறது.

கோப்பு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உள்ளது. சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள்) விகிதம் முறையே 35, 70, 80, 50 விழுக்காடு. பூச்சுத் தாளுக்கு ஃபோக்ரா 39, பூச்சில்லாத தாளுக்கு ஃபோக்ரா 52 என, அந்தந்தத் தாளில் மை எப்படித் தெரியும் என்பதைக் குறிக்கும் தனித்தனி நிற விவரக்கோப்புகளுடன் பிடிஎஃப் எடுத்தேன். ஆனால், எண்களை அப்படியே காக்கும் அமைப்பு இயங்கியதால், இரண்டிலும் அதே விகிதம்தான் போயிருக்கிறது என்பதைத் தாமதமாகவே கண்டேன். கறுப்பை 35 ஆகக் குறைத்தபோது அழைப்பிதழ் தெளிந்தது. ஆயினும் நான்கு மைகளும் இம்மியளவு விலகிப் பதிந்ததால், கையெழுத்தின் மெல்லிய கோடுகளின் ஓரம் கலங்கிவிட்டது. எனக்கு நிறத்தைவிட இதுவே பெரிய கவலை.

திறப்புக்கு இன்னும் 16 நாள்கள் உள்ளன. பலகைகள் 9 நாள்களுக்குள் அச்சுக்குச் செல்ல வேண்டும்.

அழைப்பிதழையும் அட்டையையும் முன்பே கலந்து வைத்த ஒரே தனி நிற மையில் அச்சிட்டு, வினைலை மட்டும் அட்டையின் லேப் மதிப்புக்கு (கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் குறிக்கும் அளவு) ஒத்துவரச் சரிசெய்வதா, அல்லது மூன்றுக்கும் வெவ்வேறு சிஎம்ஒய்கே விகிதங்கள் வைப்பதா, எது நம்பகமான வழி?