புதுப்பிப்பு: கீரை விதைக்கு எந்த மண் கலவை என்று கேட்டிருந்தேனே

தோட்டத்து மண்ணை அப்படியே தட்டில் நிரப்பி கீரை விதை தூவினேன், மேல்மண் ஓடு மாதிரி இறுகி பாதி விதைகூட முளைக்கவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது நிலவரம் தேவலை.

இரண்டு தட்டு போட்டேன். ஒன்றில் 2 பங்கு தேங்காய் நார்க்கழிவு, 1 பங்கு சலித்த மண்புழு உரம். மற்றதில் வெறும் நார்க்கழிவு. முளைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. முளைவிடத் தேவையான சத்து விதைக்குள்ளேயே இருக்கிறதே. வித்தியாசம் அப்புறம்தான் தெரிந்தது. முதல் விதையிலைகளுக்குப் பிறகு வரும் நிஜ இலை எட்டிப்பார்த்ததும், வெறும் நார்க்கழிவில் இருந்தவை வெளிறி அப்படியே நின்றுவிட்டன. இப்போது அவற்றுக்கு மண்புழு உரத்தை ஊறவைத்து வடித்த தண்ணீரை ஊற்றுகிறேன். புது இலைகள் பச்சையாக வருகின்றன.

நார்க்கழிவை மூன்று தடவை அலசிப் பிழிந்தேன். அதில் உப்பு தங்கியிருக்கும். சோம்பலில் அலசாமல் விட்ட ஒரு கிண்ணத்தில் இலை நுனி கருகிவிட்டது.

இன்னொரு தப்பும் செய்தேன். மேலே காய்ந்திருக்கிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்ற, அடியில் சொதசொதவென்று ஆகி, ஒரு மூலை நாற்றுகள் தண்டடி அழுகிச் சாய்ந்தன. இப்போது தட்டைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால்தான் தண்ணீர்.