குழந்தையின் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன், இப்போது யாரிடம் சொல்வது?

மார்த்தாண்டம்_நர்ஸ்:
தனியார் மருத்துவமனை ஒன்றில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில் மூன்று வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஏழாம் மாதத்திலேயே பிறந்த ஒரு குழந்தை, 1 கிலோ 100 கிராம், எங்கள் கையில்தான் தேறியது. டியூப் வழியாக 2 மில்லி பாலில் தொடங்கி, அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து வைத்து, 1 கிலோ 800 ஆகி வீட்டுக்குக் கிளம்பிய அன்று சந்தோஷத்தில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். பெயர் போடவில்லை, முகத்தையும் ஒரு ஹார்ட் ஒட்டி மறைத்திருந்தேன். காலில் கட்டியிருந்த டேகைத்தான் கவனிக்கவில்லை. அம்மா பெயரும் ஐபி நம்பரும் (உள்நோயாளி எண்) அதில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர், "இது எங்க சித்தி மருமகளுக்க பிள்ளையா? பிரசவம் ஆனதையே சொல்லலியே" என்று மெசேஜ் போட்டார். பதறிப்போய் உடனே எடுத்துவிட்டேன், அதற்குள் 46 பேர் பார்த்திருந்தார்கள். அந்த அம்மா ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவர். இது நல்லபடியாக வீடு சேரும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எங்களிடம் சொல்லியே இருந்தார்.

கூட வேலை பார்ப்பவர்கள் பேசாமல் இரு என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. தாய்ப்பால் பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் நடத்துகிறேன், அதையும் மூடிவிட வேண்டுமா?

வேளிமலை:
மக்களே, நான் வார்டில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிடு. எத்தனை மணிக்கு வைத்தாய், எப்போது எடுத்தாய், எத்தனை பேர் பார்த்தார்கள், எல்லாவற்றையும் எழுதியே கொடு. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து காட்டி அவர்களுக்குத் தெரிய வருவதும் நீயாகப் போய்ச் சொல்வதும் ஒன்றில்லை.

அப்புறம் இரண்டு காரியம் செய்யாதே. கேஸ் ஷீட்டில் நம்பர் பார்த்து அந்த அம்மாவை உன் போனிலிருந்து கூப்பிடாதே, சிகிச்சைக்காகத் தந்த நம்பரை உன் சொந்தக் காரியத்துக்கு எடுத்தால் அது இரண்டாவது தப்பு. இன்சார்ஜ் மூலம், ஆஸ்பத்திரி வழியாகவே பேசு. தெரு அக்காவிடம் ஆமாம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. "அக்கா, நான் அதை வைத்திருக்கவே கூடாது, தயவுசெய்து யாரிடமும் பேசாதீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்.

நர்ஸிங் படிக்கும்போது விளக்கேற்றும் விழாவில் நாம் எல்லோரும் சொன்ன நைட்டிங்கேல் உறுதிமொழி 1893-இல் எழுதியது. நோயாளி நம்மிடம் சொன்னதையும், வேலை செய்யும்போது நமக்குத் தெரியவரும் வீட்டு விஷயத்தையும் காப்பாற்றுவேன் என்று அன்றைக்கே அதில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பெயரை மறைத்து என்ன பிரயோசனம்? தேங்காப்பட்டணத்தில் ஒருவர் தும்மினால் தக்கலையில் சொந்தக்காரர் விசாரிப்பார்.

குளச்சல்காரன்:
நோயாளி வீட்டு ஆளாக எழுதுகிறேன். சர்க்கரையால் என் அப்பாவின் கால்விரல் இரண்டை எடுக்க வேண்டி வந்தது. டிரெஸ்ஸிங் போடும்போது யாரோ எடுத்த போட்டோ எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துவிட்டது, "ஜெபிக்கவும்" என்று எழுதி. அம்மாவுக்கு பிரஷர் இருப்பதால் விரல் எடுத்ததை அதுவரை சொல்லவில்லை. கட்டிலின் பச்சை விரிப்பையும் அப்பாவின் கணுக்காலில் இருந்த பழைய வலைக்கயிற்றுத் தழும்பையும் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிட்டார். முகம் அதில் இல்லவே இல்லை. யார் எடுத்தது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது, ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. நீங்கள் போய்ச் சொல்லுங்கள் சிஸ்டர். அவர்கள் கோபப்படலாம், படட்டும்.

திற்பரப்பு_டு_லண்டன்:
பக்கத்தை மூட வேண்டாம் என்பது என் கருத்து. தாய்ப்பாலை எப்படிப் பிழிந்து எடுத்து வைப்பது, கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு ஒட்டி எப்படிப் பிடிப்பது என்று பொம்மையை வைத்துக் காட்டுங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு அது நிச்சயம் வேண்டும். ஆனால் "நேற்று எங்கள் வார்டில்" என்று தொடங்கும் கதை ஒன்றுகூட வேண்டாம். வயது, ஊர், நோய், தேதி, இந்த நான்கு சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். கமென்டில் யாராவது ரிப்போர்ட் அனுப்பினால் அங்கே பதில் எழுதாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இருக்கும் பிரிட்டனில் நர்ஸிங் கவுன்சிலின் நடத்தை விதியிலேயே சமூக வலைதளத்தைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதைத் தடுக்கும் சட்டம் 2017-இல் வந்தது. அதே வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அந்தச் சம்மதத்தையும் டிஸ்சார்ஜ் அன்று கேட்காதீர்கள், பிள்ளையைக் காப்பாற்றிய சிஸ்டரிடம் எந்த அம்மா வேண்டாம் என்பார்?

இன்னொன்று, ஸ்டேட்டஸைவிட எனக்குப் பயம் வேலைக்காக வைத்திருக்கும் வாட்ஸ்அப் டியூட்டி குரூப்தான். நடு ராத்திரி எக்ஸ்ரேயை பெயரோடு அப்படியே டாக்டருக்கு அனுப்புகிறோம், அது கேலரியில் தானாகச் சேர்கிறது, காலையில் அதே போனில் வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடுகிறார்கள். அந்த குரூப்பில் படம் தானாக கேலரிக்குப் போக வைக்கும் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள்.

மார்த்தாண்டம்_நர்ஸ்:
இன்சார்ஜிடம் எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். நேற்று குழந்தையை எடை பார்க்கக் கொண்டுவந்தபோது இன்சார்ஜ் முன்னால் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ரொம்ப நேரம் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். "உங்களை நம்பித்தான சிஸ்டர் சொன்னேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை 2 கிலோ 50 கிராம் இருக்கிறது.