அயர்லாந்தின் லஹிஞ்ச், பாலிபனியன் லிங்க்ஸ் கோல்ஃப் மைதானங்கள்: முதன்முறை ஆடுபவர் எப்படித் தயாராவது?

மரநிழல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்குச் செல்கிறோம். கிளேர் மாவட்டத்து லஹிஞ்சிலும், கெர்ரி மாவட்டத்து பாலிபனியன் பழைய மைதானத்திலும் தலா ஓர் ஆட்டம் முன்பதிவு செய்தாகிவிட்டது. என் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) 18, நடுத்தர ஆட்டக்காரன்தான். நான் ஆடிப் பழகியதெல்லாம் இருபுறமும் மரங்கள் நிற்கும், நாள்தோறும் நீர் பாய்ச்சி மென்மையாக வைத்திருக்கும் உள்நாட்டு மைதானங்கள்தான். அங்கே பந்தை உயர அடித்தால், கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை மிகக் குட்டையாக வெட்டிய பகுதியில்) விழுந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. என் ஆட்டம் முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையை வைத்துத்தான் நடக்கிறது. கடலோர லிங்க்ஸில் அது எடுபடாது என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் தெளிவான விடை கிடைப்பதில்லை.

எஞ்சியிருக்கும் வாரங்களில் எந்த அடியைப் பயிற்சி செய்தால் உண்மையான பலன் இருக்கும்? பையைச் சுமந்து வழிகாட்டும் கேடி வைத்துக்கொள்வது அவசியமா, அந்தச் செலவைத் தவிர்க்கலாமா? மூன்றாவது கேள்வி சற்றே முணுமுணுப்பு கலந்தது. லஹிஞ்சின் நான்காவது, ஐந்தாவது குழிகளில் இலக்கே கண்ணுக்குத் தெரியாது என்று படித்தேன். பார்க்க முடியாத கிரீனை நோக்கி அடிக்கச் சொல்வது நியாயமான ஆட்டம்தானா?

மேற்குக்கரையான்:

முதலில் நிலத்தைப் புரிந்துகொண்டால் எந்த அடி தேவை என்பது தானாகப் புரியும். லிங்க்ஸ் என்பது கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பூமி. பெய்யும் மழையை மணல் விரைவில் வடித்துவிடுவதால் தரை இறுக்கமாகவே இருக்கும். அதில் வளரும் ஃபெஸ்க்யூ புல் மெல்லியது, பந்தைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்குக் கிடையாது. ஆகவே உங்கள் மைதானத்தில் நூறு கெஜம் பறந்து நிற்கும் பந்து, அங்கே நூறு கெஜம் பறந்தபின் மேலும் இருபது கெஜம் உருளலாம். பின்னாலிருந்து காற்று வீசினால் அதற்கும் மேல் போகும். கொடியைக் குறிவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, பந்து முதலில் தரையைத் தொட வேண்டிய இடத்தைக் குறிவைக்கத் தொடங்குங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பயிற்சிக்கு இரண்டே அடிகளைப் பரிந்துரைப்பேன். ஒன்று, கிரீனிலிருந்து முப்பது நாற்பது கெஜத்தில் 7 அல்லது 8-ஆம் இரும்பு மட்டையை எடுத்து, பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் மட்டையை) பிடிப்பதைப் போலவே பிடித்து, பந்தைத் தாழ்வாகத் தட்டி உருட்டி விடுவது. பந்தை உயரத் தூக்கும் லாப் வெட்ஜ் மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் புல் இவ்வளவு குட்டையாகவும் தரை இவ்வளவு கெட்டியாகவும் இருக்கும்போது அதன் அடிப்பகுதி தரையில் மோதி எகிறி, பந்தின் நடுவயிற்றில் படும் அபாயம் எப்போதும் உண்டு. கிரீனுக்கு வெளியே பத்து கெஜத்தில் இருந்தாலும் பட்டரை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் யோசிக்காமல் எடுப்பது அதைத்தான்.

இரண்டாவது, எதிர்க்காற்றில் அடிக்கும் தாழ்வான அடி. காற்று எதிரே வந்தால் ஓங்கி அடிப்பதுதான் மனித இயல்பு, ஆனால் ஓங்க ஓங்கப் பந்தின் பின்சுழற்சி கூடும்; சுழற்சி கூடினால் பந்து மேலெழும்பி, காற்றில் வேகம் இழந்து, நினைத்த தூரத்துக்கு வெகுமுன்பே செங்குத்தாக விழுந்துவிடும். எனவே வழக்கமாக 7-ஆம் இரும்பு எடுக்கும் தூரத்துக்கு, அதைவிடத் தாழ்வாகவும் தூரமாகவும் அடிக்கும் 5-ஆம் இரும்பை எடுங்கள். பிடியைச் சற்றுக் கீழே பற்றி, பந்தை வலக்காலை நோக்கி ஓர் அங்குலம் தள்ளி வைத்து, முக்கால் வீச்சில் அடித்து, கைகள் மார்பு உயரத்தைத் தாண்டுவதற்குள் வீச்சை முடித்துவிடுங்கள். பயிற்சித் திடலில் பந்து பயனற்றுத் தாழப் போவது போலத் தோன்றும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பங்கர்களை, அதாவது மணற்பள்ளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல இடங்களில் அவை சிறியவை, ஆழமானவை, முன்பக்கம் செங்குத்தான சுவர் உடையவை. பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால் பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ வெளியே எடுத்துவிடுங்கள். மணல்மேடுகளில் வளரும் மாரம் புல்லில் விழுந்தாலும் இதே அறிவுரைதான். அந்த நீண்ட புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், வெட்ஜை எடுத்து அருகிலுள்ள ஃபேர்வேக்கு (புல் வெட்டிய ஆடுபாதைக்கு) திரும்புவதே நல்லது.

கேடியை இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், லஹிஞ்சில் கட்டாயமாக.

ஏழாம்இரும்பு:

அடிகளைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கேடி விஷயத்தில் மட்டும் வேறுபடுகிறேன். ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் கேடிக்குச் செலவழிக்க முடியும் என்றால் அதைப் பாலிபனியனில் செலவழியுங்கள். லஹிஞ்சின் மறைவான குழிகளில் வழிகாட்ட அடையாளங்கள் உண்டு. பாலிபனியனிலோ எல்லாம் கண்ணெதிரே தெரியும், ஆபத்துதான் தெரியாது. அங்குள்ள கிரீன்கள் பலவும் மேட்டில் அமைந்திருக்கின்றன. ஒரு பக்கம் தவறினால் எளிதாக மீளலாம், மறுபக்கம் தவறினால் இரண்டு அடி போய்விடும், எந்தப் பக்கம் எது என்பது அங்கேயே பழகியவருக்குத்தான் தெரியும். முதல் டீயில் (குழியின் முதல் அடியை அடிக்கும் மேடையில்) நிற்கும்போதே வலப்புறம் ஒரு கல்லறைத் தோட்டம் உங்களை வரவேற்கும், பந்து வலப்புறம் வளையும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்காது. பதினோராவது குழியில் பங்கர் ஒன்றுகூடக் கிடையாது. வலப்புறம் அட்லாண்டிக் கடல், எதிரே மணல்மேடுகளுக்கு நடுவே படிப்படியாக இறங்கும் ஃபேர்வே, அவ்வளவுதான். அதைவிடக் கடினமான பார் 4 குழிகளை (நான்கு அடியில் முடிக்க வேண்டியவற்றை) நான் அதிகம் பார்த்ததில்லை. 1981-இல் இங்கே முதன்முதலாக வந்த அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் பின்னர் இந்த மைதானத்தின் தீராத ரசிகராகி, 2000-ஆம் ஆண்டில் கிளப்பின் கேப்டனாகவும் இருந்தார்; பதினோராவது குழியை ஆடியபின் அதன் காரணம் உங்களுக்கும் விளங்கும்.

இன்னொன்று, மொத்த அடிகளை எண்ணாமல் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் குழிக்குக் குழி புள்ளி கணக்கிட்டு ஆடுங்கள். ஒரு குழியில் எட்டு ஒன்பது என்று போனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடந்துவிடலாம். பின்னால் வருபவர்களுக்கும் அது நிம்மதி. தொலைந்த பந்தைத் தேட விதிப்படி 3 நிமிடமே அவகாசம் என்பதால், மணல்மேட்டுப் பக்கம் போன ஒவ்வொரு பந்துக்கும் தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிட்டே டீயை விட்டு நகருங்கள்.

இரண்டு மைதானங்களுக்கும் இடையிலான பயணத்தைப் பொறுத்தவரை, லிமரிக் நகரைச் சுற்றிப் போக வேண்டாம். கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்கு ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடக்கும் கார் படகு இருக்கிறது, சுமார் 20 நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும்.

மணல்மேட்டார்:

நியாயமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டு குழிகளையும் எதிர்த்தும் ஆதரித்தும் மக்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். லஹிஞ்ச் கிளப் 1892-இல் தொடங்கியது. 1894-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஓல்டு டாம் மோரிஸ் மைதானத்தை வகுத்தார். 1927-இல் அதைப் பெருமளவு திருத்தி அமைத்தவர் அலிஸ்டர் மெக்கன்சி, பிற்பாடு ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை வடிவமைத்த அதே மெக்கன்சி. அவருடைய திருத்தங்களுக்குப் பிறகும் இந்த இரண்டு குழிகளும் தப்பிப் பிழைத்தன.

நான்காவது குழிக்கு கிளான்டைக் என்று பெயர். பார் 5. முதல் அடி இரு மேடுகளுக்கிடையிலான குறுகிய பள்ளத்தாக்கில் விழ வேண்டும். இரண்டாவது அடி எதிரே மலைபோல் நிற்கும் மணல்மேட்டைத் தாண்ட வேண்டும். மேட்டுக்கு அப்பால் பதினெட்டாவது குழியின் ஃபேர்வே குறுக்கே செல்வதால், உச்சியில் ஓர் ஆள் நின்று, அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று சைகை காட்டுவார். அவர் காட்டும்வரை அடிக்கக் கூடாது. தூரத்துக்கு ஆசைப்படாமல், மேட்டைத் தாண்டும் உயரம் தரக்கூடிய நடுத்தர இரும்பை எடுத்தால் போதும்.

ஐந்தாவது குழியான டெல் பார் 3, சுமார் 150 கெஜம். இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே கிரீன் ஒளிந்திருக்கும், டீயிலிருந்து ஒரு விரற்கடை கூடத் தெரியாது. முன்மேட்டின் சரிவில் வெள்ளையடித்த ஒரு கல் கிடக்கும். கொடியை இடம் மாற்றும்போது பணியாளர்கள் கல்லையும் நகர்த்தி வைக்கிறார்கள், ஆகவே கல்லுக்கு நேர் மேலே அடித்தால் திசை சரி. இனி எஞ்சுவது தூரம் மட்டுமே. கிரீன் இடவலமாக அகன்றது, முன்பின்னாக ஒடுங்கியது. அதனால் மட்டைத் தேர்வில்தான் முழுச் சோதனையும் இருக்கிறது. சற்றே நீளமாகப் போனாலும் பின்மேட்டில் பட்டுத் திரும்பி உருண்டு வருவதுண்டு. திசையைக் காட்டிவிட்டு, தூரத்தைக் கணிக்கச் சொல்லும் குழியை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். 2019-இல் ஐரிஷ் ஓபன் இங்கே நடந்தபோது தொழில்முறை ஆட்டக்காரர்களும் இதே கல்லைப் பார்த்துத்தான் அடித்தார்கள். கடைசி நாளில் 62 அடிகளில் சுற்றை முடித்து வென்றவர் ஸ்பெயினின் ஜான் ராம்.

வானிலை பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லஹிஞ்ச் மைதானத்தில் ஆடுகள் சுற்றித் திரியும். மழை வரப்போகிறது என்றால் அவை மேடுகளை விட்டு கிளப் கட்டிடத்தின் பக்கம் ஒதுங்கும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. உடைந்த காற்றழுத்தமானியில் "ஆடுகளைப் பார்க்கவும்" என்று எழுதி வைத்திருந்த கதையும் உண்டு. ஆடுகள் எங்கே நின்றாலும் மழையுடுப்பும் கூடுதல் கையுறைகளும் பையில் இருக்கட்டும். குடை அந்தக் காற்றில் நிற்காது.

மரநிழல்:

மூவருக்கும் மிக்க நன்றி. கேடியைப் பாலிபனியனில் உறுதி செய்கிறேன், லஹிஞ்சுக்கு இன்னும் யோசிக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: கிரீனில் நின்றுவிட்ட பந்தைக் காற்று நகர்த்திவிட்டால் எங்கிருந்து அடிக்க வேண்டும்?

மேற்குக்கரையான்:

நீங்கள் அதுவரை பந்து கிடந்த இடத்தைக் குறியிட்டுப் பந்தை எடுக்கவில்லை என்றால், காற்று கொண்டுபோய் வைத்த புதிய இடத்திலிருந்து, தண்டம் இல்லாமல் ஆட வேண்டும். அது குழிக்குள்ளேயே விழுந்துவிட்டால் முந்தைய அடியிலேயே குழியை முடித்ததாகக் கணக்கு. குறியிட்டு எடுத்துத் திரும்ப வைத்தபின் நகர்ந்தால், தண்டமின்றி முந்தைய இடத்திலேயே மீண்டும் வைத்து ஆட வேண்டும். ஆகவே பலத்த காற்றில் பந்து கிரீனை அடைந்ததும் முதல் வேலையாகக் குறியிட்டு எடுத்துத் துடைத்து வைத்துவிடுங்கள். அதன்பின் காற்று என்ன செய்தாலும் உங்கள் இடம் உங்களுக்கே.