அப்பாயியின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு குடும்ப ஆல்பம்

கோத்தகிரியிலிருந்து:

நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் எங்கள் அப்பாயியும் ஒருவர். நுவரெலியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

போன பொங்கலுக்கு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஏழு போட்டோ, அவ்வளவுதான். குடும்ப அட்டை பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தப்பா லேமினேட் செய்யக் கிளம்பிவிட்டார். நான் விடவில்லை. சூட்டில் ஒட்டிவிட்டால் பழைய தாளைத் திரும்பப் பிரிக்கவே முடியாது.

பக்கமெல்லாம் பசையாக இருக்கும் ஆல்பமும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்பாவின் கல்யாணப் போட்டோக்கள் அதில் ஒட்டிக்கொண்டு மஞ்சளாகிப்போனதைப் பார்த்தவள் நான். கெட்டித் தாள் நோட்டு ஒன்று வாங்கி, காகிதத்தில் சின்னச் சின்ன மூலைகள் மடித்து ஒட்டி, அவற்றுக்குள் போட்டோவைச் செருகினேன். வேண்டும்போது எடுத்துப் பின்பக்கம் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது அப்பாயியின் பேச்சுதான். பாஸ்போர்ட்டுக்காக எடுத்த போட்டோவைக் காட்டினேன். தாத்தா விறைப்பாக நிற்கிறார், அப்பாயி இடுப்பில் அப்பா இருக்கிறார். அப்பாயி போட்டோவில் தெரிந்த தன் சேலை முந்தானை மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இது என் சேலை இல்ல கண்ணு. அடுத்த லயத்துக்காரிகிட்ட எரவல் வாங்கிக் கட்டுனது. திருப்பிக் குடுக்கப் போனேன். கட்டிக்கிட்டே போடின்னுட்டா." (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.)

அந்த வார்த்தைகளைத் திருத்தாமல் அப்படியே போட்டோவுக்குக் கீழே எழுதிவிட்டேன். நல்ல தமிழில் மாற்றலாமே என்று அத்தை சொன்னார். மாற்றினால் அது அப்பாயி சொன்னதாக இருக்காதே!

இன்னும் நாலு போட்டோவுக்கு எழுத வேண்டும். அப்பாயிக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போகிறேன்.

திருச்சியிலிருந்து:

அக்கா, நீங்கள் மூலை செருகியதைப் படித்ததும் மனசு அடித்துக்கொண்டது. எங்கள் குடும்பம் பர்மாவின் ரங்கூனிலிருந்து வந்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அங்கே அறிவித்துவிட்டார்கள். தாத்தா ஒரே ஒரு 100 கியாட் நோட்டைக் கடைசிவரை வைத்திருந்தார். அவர் போன பிறகு அண்ணன் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பசை தடவி ஒட்டினான், நல்லெண்ணத்தில்தான். பின்பக்க ஓரத்தில் தாத்தா பென்சிலால் எழுதியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிரித்தால் கிழிகிறது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். 'கப்பல்' என்ற ஒரு சொல் மட்டும் தெரிகிறது.