வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பிஸ்டன்: சிவி எதுவரை, சிபி எங்கிருந்து?

கேள்வி

செங்குத்தான சிலிண்டரில் 2 மோல் நைட்ரஜன். 300 கெல்வின், 100 கிலோபாஸ்கல். வெளிக்காற்றும் 100 கிலோபாஸ்கல்தான். கனமான பிஸ்டன் உட்சுவரில் உள்ள வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளழுத்தம் 200 கிலோபாஸ்கலை எட்டினால்தான் மேலே கிளம்பும். பருமன் இரு மடங்காகும்வரை மெதுவாகச் சூடாக்கினால் எவ்வளவு வெப்பம் தேவை?

மொத்த வெப்பநிலை உயர்வுக்கும் சிவி (பருமன் மாறா வெப்ப ஏற்புத்திறன்) போட்டால் 37.4 கிலோஜூல், சிபி (அழுத்தம் மாறா வெப்ப ஏற்புத்திறன்) போட்டால் 52.4. விடைக்குறிப்பு 47.4 என்கிறது. இன்னொன்று: பிஸ்டன் நகரும் கட்டத்திலும் அக ஆற்றல் மாற்றத்துக்கு சிவியைத்தான் எடுக்கிறார்கள். பருமனே மாறும்போது பருமன் மாறா வெப்ப ஏற்புத்திறன் அங்கே எப்படி வரும்?

பதில் 1

விடைக்குறிப்பு சரி. இது ஒரே நிகழ்வு அல்ல, இரண்டு. பிஸ்டன் கிளம்பும் நொடியில் கணக்கை வெட்டுங்கள்.

முதலில் பருமன்: 2 × 8.314 × 300 ÷ 1,00,000 = 0.0499 கன மீட்டர், அதாவது 49.9 லிட்டர்.

வளையத்தின் மேல் இருக்கும்வரை பருமன் மாறாது. அழுத்தம் இரட்டிப்பானால் வெப்பநிலையும் இரட்டிப்பாகும்: 600 கெல்வின். வேலை பூஜ்யம். நைட்ரஜன் ஈரணு வாயு, எனவே சிவி = 2.5 ஆர் (ஆர் என்பது வாயு மாறிலி, 8.314). வெப்பம் 2 × 2.5 × 8.314 × 300 = 12,471 ஜூல்.

கிளம்பிய பிறகு அழுத்தம் 200 கிலோபாஸ்கலிலேயே நிற்கும். பருமன் இரட்டிப்பு, ஆகவே 1200 கெல்வின். இங்கே சிபி = 3.5 ஆர்: 2 × 3.5 × 8.314 × 600 = 34,919 ஜூல். கூட்டினால் 47,390.

இதை வேறு வழியில் சரிபார்க்காமல் விடாதீர்கள். மொத்த அக ஆற்றல் உயர்வு 2 × 2.5 × 8.314 × 900 = 37,413. வேலை 2,00,000 × 0.049884 = 9,977. கூட்டுத்தொகை அதே 47,390. முதல் கட்டத்தில் வேலையே இல்லை என்பதால்தான் 52.4 அதிகம், இரண்டாம் கட்டத்தில் வேலை உண்டு என்பதால்தான் 37.4 குறைவு.

இனி சிவி சந்தேகம். நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு இல்லாததால், அவை விலகிப் போனாலும் ஆற்றலில் மாற்றமில்லை. 600-லிருந்து 1200 கெல்வினுக்கு எந்தப் பாதையில் போனாலும் அக ஆற்றல் ஒரே அளவுதான் உயரும். அந்த அளவைக் கண்டுபிடிக்க எளிய பாதை பருமன் மாறாப் பாதை. அங்கே கொடுத்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலாகிறது. சிவி அங்கே அளக்கப்பட்ட எண், அவ்வளவுதான். அக ஆற்றலுக்கு எப்போதும் அதைப் பயன்படுத்தலாம். வெப்பத்துக்கு மட்டும் பாதையைப் பார்த்துத்தான் எண் போட வேண்டும்.

1845-இல் இயற்பியலாளர் ஜூல் செய்த சோதனை இதற்கு அடிப்படை. தண்ணீரில் மூழ்கிய இரண்டு கலங்கள். ஒன்றில் அழுத்தப்பட்ட காற்று, மற்றது வெற்றிடம். இடையிலிருந்த குழாயைத் திறந்து காற்றை விரியவிட்டார். தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை.

பதில் 2

அந்த 9,977 ஜூல் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பிஸ்டன் பரப்பு 500 சதுர செ.மீ. என்று வையுங்கள். வெளிக்காற்றுக்கு மேல் இன்னும் 100 கிலோபாஸ்கல் தேவைப்படுகிறது என்றால் பிஸ்டனின் எடை 5,000 நியூட்டன், ஏறத்தாழ 510 கிலோ. அது 0.998 மீட்டர் உயர்கிறது: 4,988 ஜூல். வெளிக்காற்றைத் தள்ள இன்னொரு 4,988. பலர் எடையை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு வேலை பாதியாகிவிட்டதே என்று தேடுவார்கள்.

குறிகளிலும் கவனம் தேவை. பிளஸ் ஒன் இயற்பியலில் வாயு செய்யும் வேலை நேர்குறி. வேதியியலில் வாயுவின் மீது செய்யப்படும் வேலை நேர்குறி. ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால் 27.4 கிலோஜூல் என்று வரும். அந்த எண்ணைப் பார்த்தால் குறியைச் சந்தேகியுங்கள்.

கேட்டவர்

தெளிவாகிவிட்டது, நன்றி. முதலில் 100 கிலோபாஸ்கலில் விரியவிட்டு, பிறகு பிஸ்டனைப் பூட்டிச் சூடாக்கினால்? கடைசி நிலை அதேதானே?

பதில் 1

கடைசி நிலை அதே, வெப்பம் வேறு. விரிவு 300-லிருந்து 600 வரை: 17,459 ஜூல். பூட்டிய பின் 600-லிருந்து 1200 வரை: 24,942. மொத்தம் 42,401. அக ஆற்றல் உயர்வு அதே 37,413. வேலை மட்டும் 4,988 ஆகக் குறைந்துவிட்டது. அழுத்த-பருமன் வரைபடத்தில் இரண்டு பாதைகளும் சேர்ந்து ஒரு செவ்வகம் ஆகும். அதன் பரப்புதான் இந்த 4,988 ஜூல் வித்தியாசம்.

பதில் 3

தேர்வுக்கு மேலே உள்ளது போதும். உண்மையான நைட்ரஜனுக்கு 1200 கெல்வினில் 2.5 ஆர் பொருந்தாது. அறை வெப்பநிலையில் உறைந்து கிடக்கும் அணுக்களின் அதிர்வு, சூடு ஏற ஏற ஆற்றலை வாங்கத் தொடங்கும். அட்டவணைப்படி 300-லிருந்து 1200 கெல்வினுக்கு அக ஆற்றல் உயர்வு மோலுக்கு 20,570 ஜூல். மாறாத சிவியுடன் வருவது 18,707. ஆக 2 மோலுக்கு 41.1 கிலோஜூல், வேலையையும் சேர்த்து 51.1. ஹீட்டர் தேர்ந்தெடுப்பவர் 47.4-ஐ நம்பினால் பிஸ்டன் குறித்த உயரத்துக்குப் போகாது. சிலிண்டர் சுவர் குடிக்கும் வெப்பம் இதற்கும் மேலே. ஆர்கானாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஓரணு வாயு, 1.5 ஆர் அப்படியே நிற்கும்.

இரண்டு பாதைகளுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு. எடையற்ற பிஸ்டன், மேலே தளர்ந்த நிலையில் ஒரு சுருள்வில், அதே 500 சதுர செ.மீ. பரப்பு. வில் மாறிலி மீட்டருக்கு 5,012 நியூட்டன் என்றால் அழுத்தம் பருமனோடு நேர்கோட்டில் ஏறி அதே 200 கிலோபாஸ்கலில் முடியும். சராசரி அழுத்தம் 150, வேலை 7,483 ஜூல். அதில் வில்லில் சேர்வது 2,494, மீதி வெளிக்காற்றுக்கு. இந்தப் பாதையில் மோல் வெப்ப ஏற்புத்திறன் சரியாக 3 ஆர். சிவியும் இல்லை, சிபியும் இல்லை. 2 × 3 × 8.314 × 900 = 44,896 ஜூல்.